பந்து எங்கே போனது என்று சொல்லுங்கள்

தமிழில் கிரிக்கெட் வர்ணனை தரும் வானொலி, தொலைக்காட்சி, இணைய நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

என் அண்ணனுக்குக் கண் தெரியாது. கண்ணில் அழுத்தம் ஏறி, முதலில் ஓரம் மங்கி, அப்புறம் நடுவும் போய், இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் கிரிக்கெட்டை அவர் விடவில்லை. குடியாத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு நேரெதிரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, வலது காதைப் பெட்டியின் பக்கம் கொடுத்து உட்காருவார்.

போன மாதம் ஓர் இரவு ஆட்டம். நானும் கூட இருந்தேன். தமிழ் வர்ணனைதான் வைத்திருந்தோம். அதில் ஒரே ஒரு ஓவரை, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பந்து வீசும்போது, பந்துவீச்சாளர் நடித்த ஒரு விளம்பரத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் சத்தம் போட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஃபோரா?" என்றார். இல்லை, ரன் அவுட் வாய்ப்பு தவறிப் போயிருந்தது. இரண்டாவது பந்துக்கு "ஐயோ" என்றார் ஒருவர், "ஐயய்யோ" என்றார் இன்னொருவர். என்ன ஐயோ என்று சொல்லவில்லை. மூன்றாவது பந்தின்போது ஒரு சினிமா வசனம், அதற்கு நான்கு பேர் சிரிப்பு. பந்து மிட் விக்கெட் பக்கம் போய் ஒரு ஓட்டம் எடுத்ததை யாரும் சொல்லவில்லை. நான்காவது பந்தில் விக்கெட். "தூக்கிட்டான்யா, தூக்கிட்டான்!" என்று மூன்று குரல் ஒரே நேரத்தில் கத்தியது. அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "போல்டா? கேட்சா? ஆர்ரா அவுட்டு?" கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெட்டியிலிருந்து பதில் வரவில்லை. மறுபடியும் என் பக்கம் திரும்பினார். ஐந்தாவது பந்துக்குப் புதிதாக வந்த ஆட்டக்காரரைப் பட்டப்பெயரால் மட்டும் அழைத்தார்கள். ஆறாவது பந்து முடிந்ததும் ஸ்கோர் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஓவர் முழுக்க நான்தான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். வழக்கமாகச் செய்வதுதான். அன்றைக்கு அண்ணன் கேட்டார்: "எல்லாத்தையும் நீதான் சொல்ற. அப்ப அவங்களுக்கு இன்னாடா வேல?"

அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, நானும் அதே வேலையைச் செய்தவன் என்பதால் அவமானமாகவும் இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1989 செப்டம்பரில் வடஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த சமயத்தில் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பகுதிநேர நிருபர். 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதும் எழுதிக்கொண்டிருந்தேன். நகராட்சிக் கூட்டம், பாலாற்றில் மணல், தோல் தொழிற்சாலைக் கழிவு, விபத்து என்று எல்லாம் எழுதினாலும் மனசு விளையாட்டுச் செய்தியில்தான் இருந்தது. உள்ளூர்ப் போட்டிகளில் மைக் பிடித்து வர்ணனை செய்வதும் அதே காலத்தில் தொடங்கியது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி எல்லா ஊர் மைதானங்களிலும் பேசியிருக்கிறேன்.

இந்த வேலை எனக்குத் தறிக்கொட்டகையில் அறிமுகமானது.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் கடைசி நாள். அண்ணன் அப்போது குழித்தறியில் கைலி நெய்துகொண்டிருந்தார். கொட்டகையில் நான்கு தறி. நான் ஓர் ஓரத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். சுவரில் ஆணியடித்து மாட்டிய பிலிப்ஸ் ரேடியோ. தறிச் சத்தத்தில் ரேடியோ சரியாகக் கேட்காது. ஆனால் நெசவுக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தின் இடுக்கில் கேட்கத் தெரியும். மிதியை அமுக்கி, ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா மறுபக்கம் போய்ச் சேரும் நேரத்துக்குள் ஒரு வாக்கியத்தைப் பிடித்துவிடுவார்கள்.

இந்தியாவுக்கு இலக்கு 348. தேநீர் இடைவேளைக்குப் பிறகு விக்கெட் விழ விழ, ஒவ்வொரு தறியாக வேகம் குறைந்தது. கடைசி ஓவரை வீச கிரெக் மாத்யூஸ் வந்தார். நான்கு ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். எதிரில் ரவி சாஸ்திரி. முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இரண்டு ஓட்டம். மூன்றாவதில் ஒன்று. ஸ்கோர் சமம். இப்போது மட்டை மணீந்தர் சிங்கிடம். நான்காவது பந்தைத் தடுத்தார். அண்ணன் தறியில் நாடா பாவுக்கு நடுவில் அப்படியே நின்றது. அவர் கால் மிதியின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. ஐந்தாவது பந்து காலில் பட்டது, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார், அவுட். கொட்டகையில் நான்கு தறியும் நின்றிருந்தன. அதுவரை நான் அந்தக் கொட்டகையில் கேட்டிராத அமைதி.

"அப்ப ஆர்தான் ஜெயிச்சது?" என்று பக்கத்துத் தறிக்காரர் கேட்டார். இருவரும் ஜெயிக்கவில்லை, இருவரும் தோற்கவில்லை என்று ரேடியோ அவருக்கு விளங்கும்படி சொன்னது. இதை 'டை' என்பார்கள், 1960ல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது முறை.

இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணன் "நான் பார்த்தேன்" என்றுதான் சொல்வார். அன்று அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு வெயிலில் சுருண்டதையும், சாஸ்திரி 48 ஓட்டத்தோடு மறுமுனையில் நின்றதையும் ஒரு குரல் அவருக்குக் காட்டியது. இப்போது நாற்பது அங்குலத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. அவர் கண் போனது அவருடைய விதி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரல் போனது விதியல்ல, அது நீங்கள் எடுத்த முடிவு.

தமிழில் கிரிக்கெட்டைச் சொல்ல முடியுமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கேள்விக்குப் பேசிப் பேசியே பதில் சொன்னவர்கள் சிலர். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வானொலி நாடகங்களில் பழகிய குரல். பிள்ளைகளுக்கெல்லாம் வானொலி அண்ணாவாக இருந்த கூத்தபிரான். ராமமூர்த்தி. இவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் மட்டையாளர், பந்துவீச்சாளர், எல்லைக்கோடு, களத்தடுப்பு என்ற சொற்கள் எங்கள் வாயில் ஏறின. அவர்களில் ஜப்பார் 2020 டிசம்பரில் காலமானார். அன்று இரவு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தக் குரல்தாண்டா எனக்குச் சேப்பாக்கம்" என்றார். சேப்பாக்கத்துக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

நாடகக்காரர்கள் ஏன் நல்ல வர்ணனையாளர்களாக ஆனார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. வானொலி நாடகத்தில் கதவைத் திறந்தால் கதவு திறப்பது கேட்பவனுக்குத் தெரிந்தாக வேண்டும். யார் உள்ளே வந்தது, யார் வெளியே போனது என்று குரலிலேயே நிறுத்த வேண்டும். காட்டுவதற்கு வேறு வழி கிடையாது. அந்தப் பழக்கத்தோடு மைதானத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான். இங்கிலாந்தின் ஜான் ஆர்லட் முதலில் போலீஸ்காரர், பிறகு வானொலி வர்ணனையாளர், கூடவே செய்தித்தாளுக்கும் எழுதியவர். நம் நாட்டில் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான், பம்பாய் ஆட்டங்களுக்கு நாள் முழுவதும் ஒற்றை ஆளாக வர்ணனை செய்தார். அவரும் பத்திரிகையில் எழுதியவர். அங்கே இல்லாதவனுக்கு நடந்ததைச் சொல்வது, நடந்ததை மட்டும் சொல்வது, நடந்த வரிசையில் சொல்வது. நிருபர் வேலையும் வர்ணனை வேலையும் எனக்கு எப்போதும் ஒன்றாகவே தெரிந்தன.

எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. கோடை விடுமுறையில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் நடந்த ஒரு டென்னிஸ் பந்துப் போட்டியில்தான் தொழில் கற்றேன். மே மாதம், வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஒரு மேஜை, சவுண்ட் சர்வீஸ்காரர் வைத்த மைக், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். பந்தலுக்குப் பின்னால் ஒரு பெரியவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்றுக்கொண்டிருப்பார். அடுப்பும் சட்டியும் அவர் முன்னால், மைதானம் அவர் முதுகுக்குப் பின்னால். நாள் முழுக்க அவர் ஒரு பந்தைக்கூடப் பார்க்க முடியாது.

இரண்டாம் நாள் மதியம் நான் களைத்துப்போய் இரண்டு ஓவருக்கு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். பெரியவர் கரண்டியோடு எழுந்து வந்தார். "தம்பி, நீ பேசறத நிறுத்திட்டா எனக்கு ஆட்டம் நின்னு பூடுது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தையும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கோட்டைப் பக்கம் யார் நிற்கிறார்கள், ரோட்டுப் பக்கம் யார் நிற்கிறார்கள். யார் போடுகிறார், யார் ஆடுகிறார். பந்து தரையில் போகிறதா, மேலே போகிறதா. பிடிக்க ஓடுபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார். ஓவர் முடிந்தால் ஸ்கோர். ஓவருக்கு நடுவிலும் ஒருமுறை ஸ்கோர், ஏனென்றால் யாராவது புதிதாக வந்திருப்பார்கள். போட்டி முடிகிற அன்று பெரியவர் ஒரு பொட்டலம் மல்லாட்டை கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார், காசு வாங்கவில்லை. எனக்குக் கிடைத்த விருது அதுதான்.

சாயங்காலம் ஸ்கோர் புக்கைப் பார்த்துச் செய்தி எழுதி, கவரில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். அச்சான செய்தியின் நீளத்தை அளந்துதான் காசு. லைனேஜ் என்போம். பெரிய விளம்பரம் வந்துவிட்டால், இரண்டு நாள் நடந்த ஆட்டம் இரண்டு வரியாகிவிடும். ஐந்து விக்கெட் எடுத்த பையனின் பெயர் அந்த இரண்டு வரியில் இருக்காது. அவன் அப்பா காலையில் பேப்பரோடு வீட்டுக்கு வந்து நிற்பார். இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இப்போது விட்டுவிடுகிறேன்.

ஒலிநாடாக்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

1988 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசுடன் டெஸ்ட். நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்சுக்கு எட்டு விக்கெட் வீதம், மொத்தம் 136 ஓட்டம் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் ஆறு ஸ்டம்பிங் செய்தார், அதில் ஐந்து ஒரே இன்னிங்சில். அண்ணன் தறிக்கூலியில் சேர்த்து வாங்கிய, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் வர்ணனையைப் பதிவு செய்தோம். பிளே பட்டனையும் ரெக்கார்ட் பட்டனையும் ஒன்றாக அமுக்க வேண்டும். கேசட் முடியும் நேரத்தில் விக்கெட் விழுந்துவிடக் கூடாதே என்று அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஸ்டம்பிங்கை ரேடியோவில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர் முன்னால் ஏறி வருகிறார். பந்து எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் திரும்புகிறது. மட்டை காற்றில் வீசுகிறது. கீப்பர் கையில் பந்து. கால் கோட்டுக்கு வெளியே. பெயில் விழுகிறது. ஒரு நொடிக்குள் ஆறு சங்கதி. ஒன்று விட்டுப்போனாலும் கேட்பவனுக்கு ஆள் எப்படி அவுட் ஆனான் என்று புரியாது. எங்கள் கேசட்டில் அந்த ஆறும் வரிசையாக இருந்தன. நான் மைக் பிடிக்கப் போகிற காலங்களில் முந்தின இரவு அதைப் போட்டுக் கேட்பேன். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள், எந்த இடத்தில் பேசாமல் கூட்டத்தின் சத்தத்தை விடுகிறார்கள் என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

கேசட்டுகள் பழசாகிப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் பயம் வந்தது. அதில் நல்ல நிலையில் இருந்த பதினொன்றை எடுத்து ஓர் ஒலிபரப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம், இதே கதையை வேறு ஊர்க்காரர்களும் வேறு இடங்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். ரசீது கேட்கத் தோன்றவில்லை, என் வீட்டுக்கே கொடுத்ததுபோல நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்துப் போனேன். "அந்த ரூமைக் காலி பண்ணியாச்சுங்களே" என்றார் அங்கே இருந்தவர். அவர் மேல் கோபமில்லை, அவருக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்போதுதான் அவர் கண் மங்கத் தொடங்கியிருந்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் மைக் முன்னால் உட்காரும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எதைக் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள்? நல்ல தமிழ் வர்ணனை ஒருமணி நேரம் கேட்க வேண்டும் என்று ஒரு பையன் ஆசைப்பட்டால் எங்கே போவான்? நான் கற்ற பள்ளிக்கூடம் பதினொரு கேசட். அதுவும் குப்பைக்குப் போய்விட்டது.

"டிவியில்தான் படம் தெரிகிறதே, பார்ப்பவனுக்கு எதற்கு மறுபடி சொல்ல வேண்டும், பொழுதுபோக்குதான் கேட்கிறார்கள்" என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் ஆட்கள் சிலர் என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ள முடியாது. டிவி ஓடுகிற வீட்டில் எல்லாரும் டிவியைப் பார்ப்பதில்லை. சமையலறையில் இருக்கும் என் அண்ணி கேட்கிறார். எங்கள் தெருவில் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் முறத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டுகிற வேலையில் கண்ணை எடுத்தால் கணக்கு குறையும். தையல்காரர் ஊசியைப் பார்க்கிறார். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேன் ஓட்டுபவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்கிறார், அவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். இவர்கள் எல்லாரும் அந்த மல்லாட்டைப் பெரியவர்தான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி வேலை செய்பவர்கள்.

என் அண்ணனைப் போன்றவர்களுக்குச் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 42ஆம் பிரிவு, ஒலி விளக்கம், சைகை மொழி, எழுத்து வரிகள் ஆகியவற்றின் மூலம் மின்னணு ஊடகங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே நான் சலுகை எதுவும் கேட்கவில்லை.

கண் தெரியாதவர்களுக்குக் கிரிக்கெட் எதற்கு என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களே ஆடுகிறார்கள். பந்துக்குள் சின்ன இரும்புக் குண்டுகள் போட்டிருக்கும், உருளும்போது சலசலக்கும். கையைத் தாழ்த்தி உருட்டிவிடுவார்கள். முழுப் பார்வையிழந்தவர் எடுக்கும் ஓட்டம் இரண்டாகக் கணக்கிடப்படும். பார்வையற்றோருக்கான முதல் டி20 உலகக் கோப்பை 2012ல் நடந்தது, வென்றது இந்தியா. காதால் பந்தைப் பிடித்து ஆடுகிற மனிதர்களுக்கு, காதுக்கு எட்டும்படி ஓர் ஆட்டத்தைச் சொல்ல நம்மால் முடியவில்லை.

ஆங்கிலச் சொல் கலப்பதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. மிட் விக்கெட், லெக் பை, ஓவர் எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள். பாலாற்று மணலில் ஆடுகிற பையன்களே "கவர்ல நில்லுடா" என்றுதான் சொல்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதையே சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். சிரிக்கவும் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் அரை நிமிஷம் இருக்கிறது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

பழைய ஆட்டக்காரர்களை மைக் முன்னால் உட்காரவைப்பதும் நல்லதுதான். பந்து ஏன் திரும்பியது என்று அவர்களால்தான் சொல்ல முடியும். ஆனால் ஏன் என்பதற்கு முன்னால் என்ன என்பது வேண்டுமே. அதைச் சொல்லத் தெரிந்த ஒருவர், ஒருவராவது, அந்த அறையில் இருக்க வேண்டும். ஐந்து ஆட்டக்காரர்கள் இருந்து ஒரு வர்ணனையாளர் இல்லையென்றால் அது வர்ணனை அறை ஆகாது.

நான் கேட்பவை இவை.

ஒவ்வொரு நேரலையிலும், மற்றவர்கள் என்ன பேசினாலும், பந்துக்குப் பந்து நடந்ததைச் சொல்லும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். யார் வீசுகிறார், யார் ஆடுகிறார், பந்து எங்கே போனது, எத்தனை ஓட்டம், எப்படி அவுட். பந்து வீசப்பட்டது முதல் அது நிற்கும்வரை அவர் குரல் மட்டும் கேட்கட்டும். ஓவர் முடிந்து விளம்பரத்துக்குப் போகும் முன் முழு ஸ்கோரும் வர வேண்டும்.

பார்வையில்லாதவர்களுக்கான விளக்க வர்ணனையைத் தமிழில் தனி ஒலித்தடமாக எல்லா ஆட்டங்களுக்கும் கொடுங்கள். இத்தனை மொழிகளில் இத்தனை தடங்கள் தருகிற உங்களால் இதுவும் முடியும். அதைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் கண் தெரியாதவர் தானே கண்டுபிடிக்கும் இடத்தில் இருக்கட்டும். செய்யும் முன் அவர்களில் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். என் அண்ணன் வருவார்.

வானொலியில் தமிழ் வர்ணனையை முறையாக, அட்டவணை போட்டு, தொடர்ந்து தாருங்கள். தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்படும் ஆட்டங்களைத் தனியார் உரிமைதாரர்கள் அரசு ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வானொலியையும் அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை, விளம்பர வருமானத்தை 50க்கு 50 என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறது. வழி இருக்கிறது, நடக்க ஆள்தான் வேண்டும்.

மாவட்டங்களிலிருந்து ஆள் எடுங்கள். எங்கள் பக்கத்தில் மட்டும் கோடைப் போட்டிகளில் மைக் பிடிக்கிற பத்துப் பதினைந்து பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒரு பையன் பகலில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் கண்ணை மூடிக்கொண்டு பேசினாலும் ஆட்டம் தெரியும். குரல் தேர்வு நடத்துங்கள், பயிற்சி கொடுங்கள், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிக் கூலி கொடுங்கள். தேர்வில் மதிப்பெண் போடும் குழுவில் பார்வையில்லாத ஒருவர் இருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய குரல்கள். உங்கள் அலமாரிகளில், மூடிய அறைகளில், ஓய்வுபெற்ற ஊழியர்களின் வீடுகளில் ஜப்பாரும் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் பேசிய ஒலிநாடாக்கள் மிச்சம் இருந்தால் தேடி எடுங்கள். ரசிகர்களிடம் இருப்பதையும் கேளுங்கள். டிஜிட்டலுக்கு மாற்றி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கும் இடத்தில் வையுங்கள்.

என்னிடம் இன்னும் ஏழு கேசட் இருக்கிறது. இரண்டில் நாடா இழுக்கிறது, ஐந்து ஓடும். வெயில் படாத அலமாரியில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்களில் யார் முன்வந்தாலும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இந்த முறை ரசீது வேண்டும். பிரதி எடுத்ததும் முதல் பிரதி குடியாத்தத்துக்கு, என் அண்ணன் பெயருக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பகுதிநேர நிருபர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.